வைத்திய மாணவரும் மானிடக் கலைகளும்

வைத்தியக் கல்லூரியில் சேரும் மாணவனுக்குக் காட்டப்படும் முதல் மனித உடல் ஒரு பிணமாகும். அதற்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, குடும்பம் இல்லை. அது கேள்வி கேட்பதில்லை. கத்தி பட்டால் கதறுவதில்லை. அதன் அருகே நின்று எலும்பையும் தசையையும் நரம்பையும் மாதக்கணக்காகக் கற்ற பிறகே, உயிரோடிருக்கும் நோயாளியின் படுக்கையண்டை அவன் நெடுநேரம் நிற்கும் காலம் வருகிறது. இந்த இரண்டாவது உடல் பேசுகிறது. வயிற்று வலியைச் சொல்ல வந்தவள், மழை பொய்த்ததையும் மகன் பணம் அனுப்பாமற் போனதையும் சேர்த்தே சொல்கிறாள். மாணவனுடைய காது பழகியிருப்பதோ மௌனத்துக்கு. ஆகவே அவள் பேச்சில் முக்காற்பங்கு அவனுக்கு இடையூறாகவே தோன்றுகிறது. இதை அவனுடைய சுபாவத்தின் குற்றமென்று நாம் சொல்லமாட்டோம். அவனுக்கு அளிக்கப்பட்ட பயிற்சி அத்தகையது.

இந்தியாவில் வருஷந்தோறும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இளைஞரும் யுவதிகளும் எம்.பி.பி.எஸ். படிப்பில் சேருகின்றனர். பௌதிகம், ரசாயனம், உயிரியல் ஆகிய மூன்றிலும் நடைபெறும் 720 மதிப்பெண் பரீட்சையில் தேறி வந்தவர்கள் அவர்கள். இம்மூன்று சாஸ்திரங்களின் அவசியத்தை எவரும் மறுக்கார். ஆனால் பதினைந்து வயதிலேயே கதைப் புத்தகத்தையும் சரித்திரத்தையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பரீட்சைக்கு உட்கார்ந்த பிள்ளை, இருபத்து நான்காம் வயதில் ஒரு தாயின் முகத்தைப் பார்த்து, அவள் குழந்தை பிழைக்காது என்று சொல்லியாக வேண்டியிருக்கிறது. அதை எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்தச் சொற்களால் சொல்வதென்று ரசாயன நூல் கற்பிப்பதில்லை.

இந்தக் குறையை நிரப்ப நம் தேசத்திலேயே சிலர் செய்த முயற்சி ஒன்றை நேயர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அது சிறிய முயற்சிதான். ஆனால் அதிலிருந்து கிளைத்த காரியங்கள் தேசத்தின் பாடத்திட்டம் வரையில் எட்டியிருக்கின்றன.

டில்லிப் பட்டணத்தில் யமுனைக்குக் கிழக்கே குரு தேக் பகதூர் ஆஸ்பத்திரி இருக்கிறது. அக்கரையிலுள்ள நெருக்கமான பேட்டைகளிலிருந்தும், எல்லைக்கு அடுத்த உத்தரப் பிரதேசத்து ஊர்களிலிருந்தும் ஏழை ஜனங்கள் திரளாக வந்து சேரும் சர்க்கார் ஆஸ்பத்திரி அது. அதனோடு இணைந்த யூனிவர்சிட்டி காலேஜ் ஆப் மெடிகல் சயன்ஸஸ் என்னும் கல்லூரியில், 2009-ம் வருஷம் வைத்தியத்தையும் மானிடக் கலைகளையும் சேர்த்துச் சிந்திப்பதற்கென்று ஒரு குழு தோன்றியது. மானிடக் கலைகள் என்று நாம் சொல்வது இலக்கியம், சரித்திரம், தத்துவம், நாடகம், ஓவியம் முதலியவற்றை. ஆசிரியரும் மாணவரும் கூடிப் பேசுவது, வெளியிலிருந்து அறிஞரை வரவழைத்துக் கேட்பது, நாடகம் போடுவது, தாம் வார்டில் கண்டதைக் கதையாகவும் கவிதையாகவும் எழுதுவது, இவையே அதன் வேலைகள். இவ்வகை எழுத்துக்களுக்கென்றே 2014-ல் ஒரு சஞ்சிகையும் அங்கிருந்து புறப்பட்டது.

இதில் நம் கவனத்தை மிகவும் கவர்வது நாடகந்தான். பிரேஸில் தேசத்து நாடகாசிரியர் அகுஸ்தோ போவால் என்பவர், ராணுவ ஆட்சியால் 1971-ல் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளாகி நாடு கடந்து வாழ்ந்தவர். அவர் வகுத்த ‘ஒடுக்கப்பட்டோர் அரங்கு’ என்னும் முறையை இக்குழு 2011-ல் தன் மாணவர்களுக்குப் பழக்கிற்று. அம்முறை எப்படியென்றால், ஓர் அநீதி நிகழும் சிறு காட்சியை முதலில் நடித்துக் காட்டுகிறார்கள். அது கெட்டபடியே முடிகிறது. பிறகு அதே காட்சி மறுபடியும் தொடங்குகிறது. இப்பொழுது பார்த்துக் கொண்டிருப்பவர்களில் எவரும் ‘நிறுத்து’ என்று எழுந்து, அநீதிக்கு ஆளானவரின் இடத்தில் தாமே நின்று, வேறு விதமாக நடந்து பார்க்கலாம். எதிர்ப் பாத்திரங்கள் விட்டுக் கொடுப்பதில்லை. அவை தம் அதிகாரத்தை விடாமல் பிடித்துக் கொண்டே நடிக்கும்.

ஓர் உதாரணம் கற்பித்துக் கொள்வோம். வார்டில் பேராசிரியர் வருகிறார். பின்னால் பதினைந்து மாணவர். கிழவி ஒருத்தியின் மார்பில் கட்டி. திரையும் இழுக்காமல், கேட்கவும் கேட்காமல், அவளுடைய மேலாடையை விலக்கச் சொல்லுகிறார். ஒவ்வொரு மாணவனும் வந்து தொட்டுப் பார்க்கிறான். கிழவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கொள்கிறாள். நாடகத்தில் இதைப் பார்த்த மாணவி ஒருத்தி ‘நிறுத்து’ என்று எழுந்து கிழவியின் கட்டிலில் தானே படுக்கிறாள். ‘திரையை இழுங்கள், ஐயா’ என்று சொல்லிப் பார்க்கிறாள். ‘சர்க்கார் ஆஸ்பத்திரியில் இதெல்லாம் உண்டா, அம்மா?’ என்று பேராசிரியர் வேஷக்காரன் அதட்டுகிறான். அவள் என்ன பதில் சொல்வாள்? அதைச் சொன்னால் சிகிச்சை நடக்குமா? இன்னொருவன் எழுந்து கிழவியின் மகனாக நிற்கிறான், அவனும் தோற்கிறான். நர்ஸ் வேஷத்தில் மற்றொருத்தி வந்து, யாரிடமும் வாய் திறவாமல் திரையை இழுத்துவிடுகிறாள். அங்கே விவாதம் பிறக்கிறது. நீதி நூலைத் தலைகீழாக ஒப்பித்தாலும் கிடைக்காத ஒரு ஞானம், கட்டிலில் ஒரு தரம் படுத்துப் பார்த்தவளுக்குக் கிடைக்கிறது. மறுநாள் அதே மாணவி உண்மையான வார்டில் நிற்கும்போது திரையின் கயிறு அவள் கண்ணில் படாமற் போகுமா?

இப்படிப்பட்ட பயிற்சிக்கு அவசியம் உண்டா என்று கேட்போருக்குச் சில கணக்குகளைச் சொல்லலாம். அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்னும் இருவர் 74 வைத்திய சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1984-ல் வெளியிட்டார்கள். நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கியதிலிருந்து டாக்டர் குறுக்கிடும் வரையில் சென்ற நேரம், சராசரியில் 18 விநாடி. தன் முதல் விஷயத்தைத் தடையின்றிச் சொல்லி முடித்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். பணமும் வசதியும் மிகுந்த தேசத்தின் சங்கதி இது. காலை எட்டு மணி முதல் வரிசை வளைந்து வளைந்து நிற்கும் நமது வெளிநோயாளர் பகுதிகளில் எத்தனை விநாடி கிடைக்கும் என்று நாம் கேட்பதற்கே அஞ்ச வேண்டியிருக்கிறது. 2009-ல் பிலடெல்பியா நகரத்து ஜெபர்ஸன் கல்லூரியில் ஹோஜாத் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இன்னும் விசித்திரமானது. மாணவர்களின் பரிவுணர்ச்சியை வருஷா வருஷம் அளந்து வந்ததில், முதல் இரண்டு வருஷங்களில் பெரிய மாறுதல் இல்லை. மூன்றாம் வருஷத்தில் அது சரிந்தது. மூன்றாம் வருஷம் என்பது மாணவர் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழையும் வருஷம்! நோயாளியைக் காணாதவரையில் இருந்த இரக்கம், கண்டபின் குறைகிறதென்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

மாணவர்களும் மனிதர்களே என்பதை மறந்துவிடலாகாது. தேசிய வைத்தியக் கமிஷன் நியமித்த குழு ஒன்று வைத்திய மாணவர்களின் மனநலத்தைப் பற்றி 2024-ல் அறிக்கை கொடுத்தது. இளநிலை மாணவர் 25,590 பேர் பதில் அளித்ததில், தமக்கு மனநலக் கோளாறு உண்டென்று நூற்றுக்கு 27.8 பேர் தெரிவித்தார்கள். தற்கொலை எண்ணம் தோன்றியதாகச் சொன்னவர்கள் இளநிலையில் நூற்றுக்கு 16.2, மேற்படிப்பு மாணவரில் 31.2. இரவும் பகலும் தொடர்ந்து வேலை பார்த்து, தன் கையிலேயே ஒரு சிசு இறக்கக் கண்டு, அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் அடுத்த கட்டிலுக்குச் செல்லும் வாலிபனிடம் கனிவு ஏன் வற்றியது என்று கேட்பது நியாயமாகுமா? நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ரீட்டா சாரன் என்னும் அம்மையார், ஆஸ்பத்திரித் தாளில் எழுத முடியாதவற்றைத் தனியாக ஒரு தாளில் சாதாரண பாஷையில் எழுதி வந்து படிக்கும்படி மாணவர்களுக்குச் சொன்னார். நோயாளி ஒருவர் இறந்துபோன பாட்டனாரை நினைவூட்டினார் என்பது போன்ற விஷயங்கள் அதில் வரும். உடன் பயிலுவோர் கேட்பார்கள். அவ்வளவுதான் அதன் விதி.

ஆட்சேபங்கள் வராமலில்லை. முதலாவது, நேரமில்லை என்பது. நேரமில்லை என்பது உண்மையே. வாரத்தில் ஒரு மாலை என்று வைத்துக் கொண்டாலும் எதையோ குறைத்துத்தான் ஆக வேண்டும். இரண்டாவது, ‘எமக்கு அழுகிற டாக்டர் வேண்டாம், அறுக்கத் தெரிந்த டாக்டர் போதும்’ என்பது. இதில் உள்ள நியாயத்தையும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். கை நடுங்காத சஸ்திர வைத்தியனை எந்தக் கவிதைக்கும் மாற்றிக் கொள்ள நாம் தயாரில்லை. ஆனால் நோயாளி எதைச் சொல்ல வந்தான் என்பதே தெரியாதபோது, தேர்ந்த கையும் தவறான இடத்தில் அறுக்கும். சென்னை வைத்தியக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களை நமது நேயர்கள் அறிவார்கள். தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியதும், 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியதும் ஒரே உள்ளந்தான். அவருடைய சமூகக் கண்ணால் அவருடைய வைத்தியம் குறைந்துவிட்டதாக எவரும் சொல்லக் கேட்டதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் கடுமையானது. அதற்கு எளிதில் விடை கூறிவிட முடியாது. மானிடக் கலைகள் மனிதரை நல்லவராக்கும் என்பது மெய்தானா? நாஜி ஜெர்மனியை நோக்குங்கள். சங்கீதத்திலும் தத்துவத்திலும் இலக்கியத்திலும் உலகம் போற்றிய தேசம் அது. மனிதர் மீது பரிசோதனை செய்வதற்குச் சம்மதம் பெற வேண்டும் என்று 1931-லேயே அங்கே சர்க்கார் விதிகள் இருந்தன. அவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன? 1946 டிசம்பரில் நியூரம்பர்க் நகரில் தொடங்கிய வழக்கில் குற்றஞ் சாட்டப்பட்ட 23 பேரில் 20 பேர் டாக்டர்கள். ஆஷ்விட்ஸ் முகாமில் இரட்டைக் குழந்தைகளைப் பரிசோதனைப் பொருளாக்கிய மெங்கலே வைத்தியப் பட்டத்தோடு நிற்கவில்லை. 1935-ல் மானிடவியலில் டாக்டர் பட்டமும் பெற்றவன்! மனிதனைப் பற்றிப் படித்தவன் மனிதனுக்கு என்ன செய்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

ஆகவே நாவலும் நாடகமும் படித்தால் டாக்டர்கள் தாமே சான்றோராகிவிடுவார்கள் என்று சொல்லும் அன்பர்களோடு நாம் சேரமாட்டோம். ஜெர்மானியப் புலமையில் குறைவுபட்டது நூலறிவு அன்று. அந்த மேதாவிகளின் கூட்டத்தில், யாரைப் பற்றி அவர்கள் பேசினார்களோ அவர்களுக்குப் பேச இடமில்லை. யூதரைப் பற்றியும் ஜிப்ஸிகளைப் பற்றியும் மனவளர்ச்சி குன்றியோரைப் பற்றியும் அறிஞர்கள் தம்முள் பேசித் தீர்மானித்துக் கொண்டார்கள். எனவே ஒரு விவாதக் குழுவை நாம் எடைபோடும்போது, அதில் என்ன நூல் படிக்கப்படுகிறது என்று கேட்பதோடு நில்லாமல், யார் அங்கே எழுந்து மறுத்துப் பேசலாம் என்று கேட்கிறோம்.

டில்லிக் குழு இந்தப் பரீட்சையில் தேறியது என்பது நமது துணிபு. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவரும் அக்கல்லூரி ஆசிரியருமான டாக்டர் சதேந்திர சிங், குழுவுக்குள்ளேயே மாற்றுத்திறனாளிகளின் விஷயத்தைக் கவனிக்க ‘இன்பினிட் எபிலிட்டி’ என்ற பெயரில் ஒரு கிளையைத் தோற்றுவித்தார். உடற்குறை என்பதை வைத்திய நூல் ஒரு நோயாகவே கூறும். சக்கர நாற்காலியில் வந்தவரோ, ‘என் கால் அன்று, உங்கள் படிக்கட்டுதான் என்னைத் தடுக்கிறது’ என்கிறார். இந்த ஒரு மாறுதலைக் கேட்டு ஏற்பதற்கு ஒரு கல்லூரிக்கு எத்தனை வருஷம் பிடிக்கிறது! ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறி, டாக்டர்களின் படிப்பிலும் இவ்விஷயம் இடம் பெற வேண்டும் என்று விதித்தது. 2019-ல் புதிய வைத்தியப் பாடத்திட்டம் வந்தபோது, மாணவர் சேர்ந்தவுடன் நடக்கும் அடிப்படைப் பயிற்சியில் அது சேர்க்கப்பட்டது. அதற்காக உழைத்தவர்களில் முன்னின்றவர் டாக்டர் சதேந்திர சிங்கே.

பிறகு நடந்ததை அரசியல் ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2024 ஆகஸ்டு 31-ந் தேதி தேசிய வைத்தியக் கமிஷன் புதிய பாடத்திட்ட விதிகளை வெளியிட்டது. அதில் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய பயிற்சி விடுபட்டிருந்தது. சட்ட வைத்தியப் பகுதியிலோ ஒருபால் உறவுகள் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் மறுபடியும் இடம் பெற்றிருந்தன. வயது வந்தோர் மனமொப்பிக் கொள்ளும் அவ்வுறவு குற்றமாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து, கோர்ட்டு குற்றமில்லை என்றதை வைத்தியப் பிள்ளைகள் குற்றமென்று நெட்டுருப் போட வேண்டுமென்று விதி வந்தது! தேசமெங்கும் ஆட்சேபம் கிளம்பிற்று. மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களும் டாக்டர்களிலேயே பலரும் எதிர்த்தார்கள். ஐந்தே நாளில், செப்டம்பர் 5-ந் தேதி, அவ்விதிகளைக் கமிஷன் வாபஸ் வாங்கியது. அம்மாதத்திலேயே திருத்திய பிரதி வெளியாயிற்று. ஐந்து நாளில் வாபஸ் பெறும் விதியை அச்சிடுமுன், பாதிக்கப்படுவோரில் ஒருவரையேனும் அழைத்துக் கேட்டிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திராது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைச் சென்னையே மூன்று வருஷம் முன்னதாகக் கண்டிருக்கிறது. 2021-ல் தம்மைக் குடும்பத்தாரும் போலீஸாரும் தொந்தரவு செய்வதாக இரண்டு பெண்கள் சென்னை ஹைக்கோர்ட்டில் முறையிட்டார்கள். விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இவ்விஷயத்தில் தமக்குப் போதிய அறிவு இல்லை என்று பகிரங்கமாகவே ஒப்புக்கொண்டார். தீர்ப்புச் சொல்லுமுன் மனோதத்துவ ஆலோசகர் ஒருவரிடம் தாமே மாணாக்கராக அமர்ந்து கேட்டார். அச்சமூகத்தைச் சேர்ந்தவர்களோடும் பேசினார். கேட்டபின் தம் முந்திய எண்ணங்கள் மாறியதைத் தீர்ப்பிலேயே எழுதினார். அவ்வழக்கின் பயனாகவே, வைத்திய நூல்களில் இத்தகையோரை இழிவுபடுத்தும் பகுதிகளைக் களையுமாறு 2021 அக்டோபரில் தேசிய வைத்தியக் கமிஷன் கல்லூரிகளுக்கு அறிவுறுத்தியது. ஹைக்கோர்ட்டு நீதிபதி ஒருவர் மாணவராகலாமென்றால், முதல் வருஷ வைத்திய மாணவனுக்கும் அவனுடைய பேராசிரியருக்கும் அதில் என்ன கௌரவக் குறைவு?

2019-ம் வருஷப் பாடத்திட்டத்தில் மனப்பான்மை, ஒழுக்கம், உரையாடல் ஆகியவற்றுக்கென்று 27 பாடங்கள் சேர்க்கப்பட்டன. டாக்டராவது என்றால் என்ன, பிணமே முதல் ஆசிரியர், என்பன போன்ற தலைப்புகள் அவற்றில் உண்டு. நோக்கம் உயர்ந்தது, அதை வரவேற்கிறோம். ஆனால் நமது தேசத்தில் ஒரு நல்ல விஷயத்தைக் கொல்ல வேண்டுமானால் அதற்கு ஆஜர்ப் பட்டியல் போட்டால் போதும். மாணவன் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். ‘இன்று நான் பரிவைக் கற்றேன்’ என்ற கருத்தில் பத்து வரி எழுத வேண்டும். போன வருஷத்து மாணவன் எழுதியதைப் பார்த்து இவன் எழுதுகிறான். ஆசிரியர் படியாமலே கையொப்பமிடுகிறார். பரிவுக்கும் மதிப்பெண் வந்துவிட்டால், பரிவை நடிக்கத் தெரிந்தவனே முதல் வகுப்பில் தேறுவான். பாடம் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே, மதிப்பெண்ணும் பதிவேடும் இல்லாமல், விருப்பமுள்ளோர் கூடும் குழு ஒன்றும் இருக்க வேண்டும். ஒருவன் எழுந்து ‘இந்த நோயாளியைக் கண்டால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது’ என்று உண்மை சொல்ல அவ்விடத்தில்தான் முடியும்.

இனி நமது ராஜ்யத்து விஷயத்துக்கு வருவோம். டில்லிக் குழுவின் முன்மாதிரியைச் சென்னையிலும் மதுரையிலும் தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் பின்பற்றும்போது அவசியம் தீர்க்க வேண்டிய சங்கடம் ஒன்று உண்டு. அது பாஷை.

தமிழன் தன் வலியைச் சொல்லும் விதத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். குத்துகிறது என்பான், குடைகிறது என்பான், கடுக்கிறது, உளைகிறது, எரிகிறது, இழுத்துப் பிடிக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது, மதமதவென்று இருக்கிறது என்பான். ‘என்னவோ போல் வருகிறது’ என்பாள் ஒருத்தி, கேட்டவனுக்குச் சிரிப்பு, ஆனால் மாரடைப்பு வரப்போகும் பெண் அதைத்தான் சொல்லக்கூடும். காதுக்குள் குடைவதும் மூட்டில் குடைவதும் ஒன்றல்ல. கட்டி குத்துவதும் சளி குத்துவதும் ஒன்றல்ல என்பதை நம் பாட்டிமார் அறிவார்கள். இத்தனை சொற்களும் வார்டுக்குள் நுழைந்ததும் என்ன ஆகின்றன? மாணவன் எல்லாவற்றையும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லால் தாளில் எழுதுகிறான். நோயாளியின் குறையை அவனுடைய சொந்த வார்த்தைகளிலேயே குறிக்க வேண்டும் என்று இவர்கள் படிக்கும் ஆங்கில வைத்திய நூல்களே விதிக்கின்றன. நமது ஆஸ்பத்திரிகளில் அந்தச் சொந்த வார்த்தைகள் இங்கிலீஷில் எழுதப்படுகின்றன! சொன்னவள் வாயில் என்றுமே வராத பாஷை, அவள் சொன்னதாகத் தாளில் நிற்கிறது.

இவ்வழக்கம் தானாக வந்ததன்று. கல்கத்தாவில் 1822-ல் தோன்றித் தேசபாஷைகளில் வைத்தியம் கற்பித்த பள்ளியை 1835-ல் கம்பெனி சர்க்கார் மூடிவிட்டு, இங்கிலீஷ் வழியான கல்லூரியை நிறுவியது. சென்னையிலும் அவ்வருஷமே வைத்தியப் பள்ளி தொடங்கிற்று. மறுபுறம், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1848-ல் வைத்தியம் கற்பிக்கத் தொடங்கிய அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், தமிழைக் கற்று, வைத்திய நூல்களைத் தமிழாக்கி, பிற்காலத்தில் தமிழிலேயே மாணவரைப் பயிற்றினார். அந்நியர் ஒருவருக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை என்பது பெரிய விவாதம்; அதில் இன்று நாம் இறங்கவில்லை. பாடப்புத்தகம் எப்பாஷையில் இருந்தாலும் நோயாளியின் பேச்சு தமிழில்தான் இருக்கிறது என்பதே இங்கு வேண்டுவது. ஜெர்மானிய வைத்தியர் விர்ச்சோ, 1848-ல் மேல் சைலீசியா மாகாணத்தில் பரவிய விஷஜுரத்தை ஆராயப் பிரஷ்ய சர்க்காரால் அனுப்பப்பட்டார். மருந்துப் பட்டியலை எதிர்பார்த்த சர்க்காருக்கு, ஜனநாயகமும் கல்வியும் வேண்டும், போலிஷ் பேசும் அந்த ஜனங்களின் பாஷைக்கு உரிமை வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். அதிகாரிகளுக்கு அது ரசிக்கவில்லை.

நமது பழைய வைத்திய மரபு இந்த விஷயத்தில் பின்தங்கியதன்று. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், வைத்தியத்தின் அங்கங்கள் நான்கு என்று வகுக்குமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. வைத்தியன் அவனுக்குப் பின்னால்தான் வருகிறான். மருந்தை அருகிருந்து கொடுப்பவனும் நால்வரில் ஒருவன். இந்நாளைய வார்டில் அந்த நான்காமவள், இரவெல்லாம் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ தாயோ. பேராசிரியர் வரும்போது முதலில் வெளியே அனுப்பப்படுகிறவளும் அவளே.

ஒரு கல்லூரியில் இந்தக் குழுவைத் தொடங்க என்ன வேண்டும்? மாலையில் காலியாக இருக்கும் ஒரு வகுப்பறை. மாதம் இரண்டு கூட்டம். தலைமை மாணவரிடமே இருக்கட்டும். ஆசிரியர் வந்தால் பின் வரிசையில் உட்காரட்டும். ஒரு தமிழ்ச் சிறுகதை, ஒரு நாடகக் காட்சி, ஒருவர் எழுதி வந்த தாள், எதையாவது வைத்துக் கொண்டு பேசலாம். வார்டு நர்ஸையும், சக்கர நாற்காலியில் வருபவரையும், குணமாகி வீடு சென்ற நோயாளியையும் மாதம் ஒரு தரமாவது அழைத்து, அவர்கள் பேச மாணவர் கேட்க வேண்டும். பேச்சு தமிழில் நடக்கட்டும். இவர்களில் எவரும் சபைக்குப் பழகியவர்களல்லர். தேநீர் கொடுத்து உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தால் பேசுவார்கள்.

இதோடு மற்றொரு யோசனையையும் சேர்த்துச் சொல்லுகிறோம். ஆஸ்பத்திரித் தாளில் நோயாளியின் குறை என்னும் முதல் வரியை, அவள் சொன்ன சொல்லிலேயே தமிழெழுத்தில் எழுதும்படி டீன்கள் உத்தரவிடலாம். அதன் கீழே இங்கிலீஷில் எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதிக் கொள்ளட்டும். ஆறு மாதம் இப்படி நடந்த பின், அம்முதல் வரிகளை மட்டும் திரட்டி மேற்படி குழுவில் ஒரு மாலை உரக்கப் படித்துப் பார்க்குமாறு எந்தக் கல்லூரி மாணவர்கள் முதலில் முன்வருகிறார்களோ அவர்கள் நமக்கு எழுதினால், அந்தத் திரட்டை இப்பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம். நோயாளிகளின் பெயரை மாத்திரம் நீக்கி அனுப்ப வேண்டும்.